கோழி வழியாக வந்த பதில்

நடந்தது இவ்வளவுதான்.

1. போன வருடச் சம்பா அறுவடை நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.10. நம் விவசாயிகள் வாட்ஸப் குழுவில் அந்த வார அறுவடைப் பட்டியலைப் போட்டேன்.

2. பட்டியலின் ஏழாவது வரி: "மல்லிகா, ஒன்றரை ஏக்கர். நிலுவை. காரணம்: முன்வயல் செல்வராணி வழி தரவில்லை." எல்லோருக்கும் தெளிவாகத் தெரியட்டும் என்று அந்த வரிக்கு மட்டும் சிவப்பு வண்ணம் கொடுத்திருந்தேன்.

3. 9.25. குழுவில் பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் தாமரைப் பூ போட்ட காலை வணக்கம் அனுப்பினார்.

4. 9.40. செல்வராணி குழுவிலிருந்து வெளியேறினார்.

5. 9.41. கை தவறிப் பட்டிருக்கும் என்று அவரைத் திரும்பச் சேர்த்தேன்.

6. 9.42. மீண்டும் வெளியேறினார். இந்த முறை கை தவறவில்லை என்பது எனக்கே புரிந்தது.

7. 10.30. அறுப்பு மிஷின் லாரியிலிருந்து வாய்க்கால் கரையில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றது.

8. வியாழக்கிழமை மழை என்று வானிலை அறிவிப்பு. அதையும் அதே குழுவில் நான்தான் போட்டிருந்தேன். அதற்குப் பதினெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

நீங்கள் இருவரும் போன வாரம் இந்த வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். நான் இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். மிஷின்களின் சர்வீஸ் விவரம், ஆபரேட்டர்களின் எண்கள், சாவிகள் தொங்கும் ஆணி எல்லாம் ஒப்படைப்புக் குறிப்பில் இருக்கின்றன. இது அந்தக் குறிப்பில் அடங்காத பகுதி. ஐந்து வருடம் வேலை பார்த்தவள் அனுபவம் எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். வலங்கைமான் பக்கத்து ஊர்களுக்கு ஐந்து சம்பா பருவம் மிஷின் அனுப்பியவளுக்கு, ஓய்வு பெற்றவர்களின் களைப்பு முன்கூட்டியே வந்துவிடும்.

நீங்களும் என்னைப் போல வேளாண் பொறியியல் படித்தவர்கள். மண்ணின் ஈரம் எவ்வளவு இருந்தால் பெல்ட் வைத்த அறுப்பு வண்டி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். மனிதர்கள் எப்போது இறங்கி வருவார்கள் என்பதற்குப் பாடத்திட்டத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்க்க நிறுவனம் நம்மைத் தஞ்சாவூரில் ஒரு குளிர்சாதன அறைக்குள் இரண்டு நாள் உட்கார வைத்துத் தகவல் தொடர்புப் பயிற்சி கொடுக்கும். உங்களுக்கும் வரும். "நன்றாகக் கேட்பதற்கு ஐந்து படிகள்" என்று ஒருவர் இரண்டு நாளும் இடைவெளியில்லாமல் பேசுவார். சாப்பாடு நன்றாக இருக்கும்.

இப்போது ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மல்லிகாவும் செல்வராணியும் ஓரகத்திகள். அண்ணன் மனைவி மல்லிகா, தம்பி மனைவி செல்வராணி. அண்ணனும் தம்பியும் சிங்கப்பூரில் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இங்கே அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் அவர்களின் மனைவிகளுக்குள் அப்போது மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு வயலையும் பார்த்துக்கொள்வது இந்த இரண்டு பெண்கள்தான்.

வயலும் வீட்டைப் போலவே ஒன்றை ஒட்டி ஒன்று. சாலையோரம் செல்வராணியுடையது, அதற்குப் பின்னால் மல்லிகாவுடையது. பின்வயலுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் இன்னொருவரின் தென்னந்தோப்பு. மிஷின் போக முன்வயலைத் தவிர வேறு வழி கிடையாது. வழக்கமாக இது பிரச்சினையே இல்லை. முன்வயலை முதலில் அறுப்போம், காலியான வயல் வழியாகப் பின்வயலுக்குப் போவோம். அந்த வருடம் ஐப்பசி மழையில் செல்வராணியின் நாற்று அழுகி, அவர் மறுநடவு செய்திருந்தார். அதனால் முன்வயல் விளைய இன்னும் பத்து நாள் வேண்டும். பின்வயல் முற்றிச் சாயவே தொடங்கிவிட்டது. சாய்ந்த பயிரில் மழைத் தண்ணீர் நின்றால் நெல் கதிரிலேயே முளைவிடும். அதற்கு முந்தின வருடமும் மல்லிகாவுக்கு அப்படித்தான் போயிருந்தது.

இந்த நிலைமையில் என்ன செய்வார்கள் என்றால், முன்வயல்காரர் தன் வரப்போரமாக வண்டி அகலத்துக்குப் பச்சைப் பயிரைக் கையால் அறுத்து வழி விடுவார். அவருக்குக் கொஞ்சம் நஷ்டம். கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கேட்டால். நான் எப்படிக் கேட்டேன் என்றால், திங்கட்கிழமை செல்வராணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். "முன்வயலில் வழி ஒப்புதல் தேவை. ஆம் / இல்லை எனப் பதில் அளிக்கவும்." பதில் வரவில்லை. ஆம் என்று வராததை இல்லை என்று எடுத்துக்கொண்டு, சிவப்பு வண்ணத்தில் ஊருக்கே அறிவித்துவிட்டேன். என் பட்டியலில் அப்போது மூன்றாவது கட்டம் இல்லை.

செவ்வாய் மதியம் செல்வராணி வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு சிவப்புக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. இந்தக் கோழி முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"வாங்க மேடம். உக்காருங்க. காபி போடவா?"

கோபமாக இருப்பவர் காபி கொடுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். டேப்லெட்டைத் திறந்து இரண்டு வயலின் வரைபடத்தைக் காட்டினேன். வண்டியின் அகலம், அறுக்க வேண்டிய தூரம், இழப்பு எவ்வளவு குறைவு, மழை எவ்வளவு பக்கம் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். பயிற்சி அறையில் இருந்திருந்தால் ஐந்து படிகளுக்கும் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்.

"படம் ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க மேடம்."

"அப்ப வழி?"

"அதான் நீங்களே போட்டுட்டீங்களே, நான் தரலன்னு. இப்ப நான் குடுத்தா நீங்க தப்பாப் போட்டதா ஆயிடுமில்ல? படிச்ச புள்ள, உங்க பேரைக் கெடுக்கலாமா?"

காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்த இரண்டு காரியங்களை உங்கள் நன்மைக்காக எழுதுகிறேன். முதலாவது, குழுவில் அந்தப் பட்டியலை அழித்தேன். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் அங்கே நின்றது. காலையில் அதைப் பார்க்காத நான்கைந்து பேர், பார்த்தவர்களுக்குப் போன் போட்டு விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இரண்டாவது, "இன்று காலை இட்ட பதிவுக்குச் செல்வராணி அவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்" என்று அதே குழுவில் எழுதினேன். குழுவில் இல்லாதவருக்குக் குழுவில் வருத்தம். அவருக்கு அது போய்ச் சேரவில்லை. மல்லிகாவுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே போன் வந்தது.

"ஏன் மேடம், அவகிட்ட எதுக்கு நீங்க மன்னிப்புக் கேக்குறீங்க? அப்ப தப்பு எங்க மேலங்கிறீங்களா?"

காலையில் ஒருவர் கோபமாக இருந்தார். மாலைக்குள் இருவர் ஆனார்கள். அதையும் ஒரு முன்னேற்றம் என்று யாராவது அறிக்கை எழுதியிருப்பார்கள்.

வாய்க்கால் கரைக்குப் போனேன். மிஷின் ஆபரேட்டர் ஆத்தூர்க்காரர். மிஷின் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், நாளைக்கு நாலு மணிக்கு லாரி வந்துரும். அடுத்த ஊருக்குப் போகணும். அறுத்தாலும் போகணும், அறுக்காட்டியும் போகணும்."

"தெரியும்ண்ணே."

"எங்க ஊர்ல சண்டைன்னா நேரா நின்னு நாலு வார்த்தை திட்டிக்குவாங்க. அத்தோட முடிஞ்சுரும். இங்க என்னடான்னா அந்தம்மா கோழியத் திட்டுது, இந்தம்மா துணியத் திட்டுது. யாரு யாரத் திட்டுறாங்கன்னு ஒரு எழவும் புரியல."

அவர் சொன்னது சரிதான். இங்கே பேச்சு நின்றுபோன இரண்டு பேர் உண்மையில் பேசுவதை நிறுத்துவதில்லை. எதிராளி காதில் விழும்படி வேறு எதையாவது பார்த்துச் சொல்வார்கள். ஜாடைப் பேச்சு என்று பெயர். செல்வராணிக்கு அந்தக் கோழி. மல்லிகாவுக்குக் கொடியில் காயும் துணி, சில நாள் ஆடு. அந்த வீடுகளுக்கு நடுவில் ஒரு குழாயடி இருக்கிறது. குழாயடியில் நின்றால் மூன்று வருடச் சண்டையையும் முழுதாகக் கேட்கலாம். நான் டேப்லெட்டோடு அந்தப் பக்கம் பத்து முறையாவது போயிருக்கிறேன். கோழியைத் திட்டுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

மல்லிகாவிடம் போய், சண்டை எதனால் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். வாடிக்கையாளர் பதிவில் சர்வே எண் இருக்கிறது, மண் வகை இருக்கிறது, இதற்கு ஒரு கட்டம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் மல்லிகாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஊரில் எல்லா வீட்டுக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, பத்திரிகையோடு போய் அழைத்தார்கள். அடுத்த வீட்டுச் செல்வராணிக்கு மட்டும் பத்திரிகையின் படம் வாட்ஸப்பில் போனது.

"அவ வந்தா. வந்து சபைல மூணாம் மனுஷி மாதிரி உக்காந்தா. சாப்புடாமப் போனா. அன்னையோட சரி."

"ஏன் தட்டு வைக்கல?"

மல்லிகா வரப்பில் நின்றபடி சாய்ந்திருந்த ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். முற்றிவிட்டது என்பதற்கு என்னைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"நீங்க ஒரு வார்த்தை அவங்க வாசல்ல போய்..."

"நான் போயி நிக்கவா? மொளைச்சா மொளைக்கட்டும் மேடம். போன வருசமும்தான் மொளைச்சுது. கஞ்சி குடிக்காமலா இருந்தோம்?"

குரல் கெட்டியாகத்தான் இருந்தது. கையில் இருந்த நெல்லை மட்டும் அவர் கீழே போடவில்லை. வீடு வரை மூடிய கையோடே நடந்தார்.

சாயங்காலம் எங்கள் மேலாளரிடம் பேசினேன். "எம்பத்தி காட்டுங்கம்மா, அவங்க எடத்துல நின்னு பாருங்க" என்றார். எம்பத்தி எனக்கு இருக்கிறது, வழிதான் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு யோசனை சொன்னார். "ஒரு தட்டு வாங்கிட்டுப் போய், மல்லிகா குடுத்து அனுப்பினாங்கன்னு சொல்லிடுங்க. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

யோசனை மோசமில்லை. வேலை செய்யக்கூடியதுதான். அன்று இரவு நான் அதையேதான் செய்வதாக இருந்தேன். எவர்சில்வர் தட்டு, ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பூவன் பழம், இரண்டு முழம் மல்லிகைப்பூ என்று பட்டியலும் எழுதி வைத்தேன்.

புதன் காலை ஏழு மணிக்குத் தட்டோடு செல்வராணி வாசலில் நின்றேன். குழாயடியில் மல்லிகா குடத்தை வைத்திருந்தார். குடம் நிரம்பி வழிந்தது. அவர் நகரவில்லை.

செல்வராணி தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு குடுத்தனுப்புனது?"

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் பத்து நிமிடத்தில் வழி கிடைக்கும், ஒன்றரை ஏக்கர் பிழைக்கும். ஆனால் மல்லிகா பத்தடி தூரத்தில் நிற்கிறார். நான் அனுப்பவில்லை என்று அவர் குடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பருவம் மட்டுமல்ல, இனி வரும் எந்தப் பருவத்திலும் அந்த வயலுக்கு மிஷின் போகாது. சொல்லாமல் இருந்தால் இன்னும் மோசம். அவர் கேட்காத ஒரு மன்னிப்பை அவர் பெயரில் நான் கேட்டதாக ஆகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை ஒருவர் பேசாததை இல்லை என்று மாற்றி எழுதியிருந்தேன். இன்னொருவர் பேசாததை ஆம் என்று மாற்றி எழுத வேண்டியதுதான் பாக்கி.

"யாரும் அனுப்பலைங்க. நான்தான் கொண்டாந்தேன். நேர்ல வந்து கேட்டிருக்கணும். மெசேஜ் போட்டது என் தப்பு, ஊருக்கே தெரியப் போட்டது அதைவிடத் தப்பு. அதுக்குத்தான் இது."

"அப்ப அவ அனுப்பல."

"இல்லைங்க."

செல்வராணி தட்டை வாங்கவில்லை. குனிந்து கோழியைப் பார்த்தார்.

"பாத்தியா? வெளியூருலேர்ந்து வந்த பொண்ணுக்குத் தெரியுது, வாசல்ல வந்து கேக்கணும்னு. ஊருக்கெல்லாம் தட்டு, எனக்கு மட்டும் பார்வர்டு! நான் என்ன பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவளா?"

கோழி ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் மல்லிகா பக்கத்துக் கொடியில் காய்ந்த ஒரு துண்டைச் சரக்கென்று உருவி உதறினார்.

"தட்டுத் தூக்கிட்டு என்கூட வீடு வீடா வர வேண்டியவ, அவளுக்கே யாராச்சும் தட்டு வைப்பாங்களா? கெளம்பி வருவான்னு வாசல்ல நின்னு பாத்தேன். வரல. பத்திரிகை எப்படி இருக்குன்னு பாக்கட்டும்னு படத்த அனுப்புனா, அதப் புடிச்சுக்கிட்டு மூணு வருசம்!"

துண்டை இரண்டாம் முறை உதறினார். அதில் உதிர்வதற்கு ஒன்றும் இல்லை.

செல்வராணி கோழியிடம், இப்போது கொஞ்சம் மெதுவாக: "அத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்னவாம்?"

மல்லிகா துண்டிடம்: "சொல்லித்தான் தெரியணுமா?"

நான் தட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் தன்னை விருந்தாளியாக அழைக்கவில்லை என்று கோபித்திருக்கிறார். இன்னொருவர், அவள் விருந்தாளியே இல்லை, கூட நின்று அழைக்க வேண்டியவள் என்று நினைத்திருக்கிறார். இதை மூன்று வருடத்தில் அந்தக் கோழிக்குக்கூட யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தில் நீங்கள் சமரசம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கும் வாய் வந்தது. பயிற்சியில் சொன்னதுபோல, "அப்படியென்றால் நீங்கள் சொல்ல வருவது..." என்று தொடங்கப் போனேன். நல்ல வேளையாகத் தட்டிலிருந்து ஒரு பாக்கு உருண்டு விழுந்தது. அதைப் பொறுக்கக் குனிந்த நேரத்தில் செல்வராணி தட்டை என் கையிலிருந்து வாங்கி உள்ளே போய்விட்டார். வரும்போது கையில் கருக்கரிவாள் இருந்தது.

"மேடம், உங்க டிரைவர்கிட்ட சொல்லிடுங்க. வரப்ப ஒட்டித்தான் வரணும். ஒரு அடி உள்ள ஏத்துனா வண்டிய அங்கேயே பூட்டிப்புடுவேன்."

அவர் சாலைப் பக்கத்திலிருந்து அறுக்கத் தொடங்கினார். கால் மணி நேரத்தில் வயலின் பின்முனையில் இன்னொரு அரிவாள் சத்தம் கேட்டது. மல்லிகா அந்தப் பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்தார். ஒன்பது மணிக்கு இருவரும் நடுவில் எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். நான் வரப்பில் நின்றேன்.

"மேடம், பச்சைய மாட்டுக்குக் கட்டணும். கயிறு இருக்கான்னு கேளுங்க," என்றார் மல்லிகா.

"கயிறு இருக்கான்னு கேக்குறாங்க."

"இருக்குன்னு சொல்லுங்க," என்றார் செல்வராணி.

"இருக்காம்."

"எங்கன்னு கேளுங்க."

"இடுப்புலதான் சொருகியிருக்கேன், கண்ணு தெரியலயான்னு கேளுங்க மேடம்."

இதை நான் அப்படியே சொல்லவில்லை. "இடுப்பில் இருக்கிறதாம்" என்று மட்டும் சொன்னேன். ஐந்து வருடத்தில் நான் செய்த மிகச் சிறந்த தகவல் தொடர்பு அந்த வரிதான்.

பத்து மணிக்கு வண்டி உள்ளே இறங்கியது. பின்வயல் முகப்பில் திரும்பும்போது ஆபரேட்டர் வண்டியைப் பின்னால் எடுத்தார். மல்லிகா பயிர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். இன்ஜின் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை.

"அக்கா! வண்டி! நவுரு!"

செல்வராணிதான். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து மல்லிகாவின் கையைப் பிடித்து வரப்பில் இழுத்துப் போட்டார். ஆபரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டார். இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். பிறகு செல்வராணி கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்து நிக்கச் சொல்லுங்க மேடம்."

"பாத்து நிக்கச் சொல்றாங்க."

"சரின்னு சொல்லுங்க," என்றார் மல்லிகா.

செல்வராணி கத்திய அந்த "அக்கா"தான் மூன்று வருடத்தில் நேராகச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை. அதை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நீங்களும் அந்த ஊருக்குப் போனால் இதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பகல் ஒரு மணிக்குள் ஒன்றரை ஏக்கரும் முடிந்தது. லாரி நாலு மணிக்கு வந்தது. வியாழக்கிழமை மழை சொன்னபடி வந்தது. மேலாளர் போன் செய்து, தன் யோசனை பலித்ததா என்று கேட்டார். ரொம்ப உதவியாக இருந்தது சார் என்றேன். எல்லா இடத்திலும் உண்மை பேச வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

இப்போதைய நிலவரம்:

செல்வராணியின் முன்வயல் அந்த மழையைத் தாங்கி நின்றது. பன்னிரண்டு நாள் கழித்து அறுத்தோம். அவர் இன்னும் குழுவில் இல்லை. சேர்க்காதீர்கள். வழி கேட்க வேண்டியிருந்தால் அறுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, காலையில், நேரில் போங்கள். டேப்லெட்டைப் பையிலேயே வைத்திருங்கள். பட்டியலில் "ஆம்", "இல்லை" என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் "இன்னும் நேரில் கேட்கவில்லை" என்று மூன்றாவது கட்டம் சேர்த்திருக்கிறேன். அதற்கு வண்ணம் கிடையாது.

மல்லிகா புது வீடு கட்டி முடித்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை குடிபுகு விழாவுக்கு அழைக்க அலுவலகத்துக்கு வந்தார். பத்திரிகை அவர் கையில் இருந்தது. தட்டு செல்வராணி கையில் இருந்தது. நான் அன்று கொண்டுபோன அதே எவர்சில்வர் தட்டு.

"குடும்பத்தோட வந்துடணும் மேடம்," என்றார் மல்லிகா.

"காலைல ஆறுலேர்ந்து ஏழரைக்குள்ளன்னு சொல்லச் சொல்லுங்க மேடம், மறந்துருவாங்க," என்றார் செல்வராணி.

நான் சொன்னேன்.

இருவரும் இன்னும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. தட்டை இன்னும் திருப்பித் தரவில்லை, கேட்காதீர்கள். கோழி நலமாக இருக்கிறது.